மெழுகு பொம்மை என்பது பாராட்டு அல்ல

ஒரு பெண் அழகாக இருக்கிறாள் என்று சொல்லத் தமிழில் ஒரு தயார் உவமை இருக்கிறது: மெழுகு பொம்மை. தொடர்கதைகளில் வந்திருக்கிறது, சினிமாவில் வந்திருக்கிறது, கல்யாண வீட்டில் பெரியம்மாக்களின் வாயில் இன்றும் வருகிறது. "பொண்ணு மெழுகு பொம்ம மாதிரி இருக்கா" என்றால் பெண் நல்ல நிறம் என்று பொருள். நல்ல நிறம் என்றால் என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

இந்த உவமையைச் சொல்கிறவர்கள் மெழுகை உற்றுப் பார்த்ததில்லை. முகத்தையும் உற்றுப் பார்த்ததில்லை. நான் இரண்டையும் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். கணினி வரைகலையில் பொருட்களுக்கு மேனி செய்து கொடுப்பது என் வேலை. மேஜைக்கு மரம், குடத்துக்குப் பித்தளை, விளக்குக்கு மெழுகு, மனிதருக்குத் தோல். உருவத்தை வேறொருவர் செதுக்கிக் கொடுப்பார். அதன்மேல் வெளிச்சம் பட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன்.

அந்த முடிவைப் பற்றித்தான் இந்தச் சண்டை. நாங்கள் 'ரியலிஸ்டிக்' என்று சொல்லி விற்பதில் பாதி கண்ணால் பார்த்து வந்ததல்ல. யாரோ விட்டுவைத்த எண்ணிலிருந்து வந்தது. அந்த எண் மெழுகையும் கெடுக்கிறது, நம் முகத்தையும் கெடுக்கிறது. நாமோ அதைக் கைதட்டி வாங்கிக்கொள்கிறோம்.

முதலில் மெழுகு. பித்தளைக் குடத்தில் வெளிச்சம் பட்டால் பட்ட இடத்திலேயே திரும்பிவிடும், கணக்கு சுலபம். மெழுகில் அப்படி இல்லை. நேராக வந்து விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான் மேற்பரப்பில் தெறித்துப் பளபளப்பாகத் தெரியும். மிச்சமெல்லாம் உள்ளே போகும். உறைந்த மெழுகுக்குள் எண்ண முடியாத அளவுக்கு நுண்படிகங்கள். வெளிச்சம் ஒன்றில் முட்டித் திசை மாறி, இன்னொன்றில் முட்டி, அலைந்து திரிந்து, நுழைந்த இடத்தை விட்டு வேறெங்கோ வெளியே வரும். இதைத்தான் எங்கள் தொழிலில் சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங் என்கிறோம். இந்தக் கட்டுரைக்கு 'உட்சிதறல்' என்று வைத்துக்கொள்ளலாம். திரிக்குக் கீழே மெழுகின் மேல்பகுதி உள்ளே பல்பு வைத்தது மாதிரி மினுங்குவதும், கீழே போகப் போக மங்குவதும், மெழுகின் மேல் விழும் நிழலுக்குக் கூர்மையான விளிம்பே இல்லாமல் போவதும் இதனால்தான்.

அதே மெழுகு உருகிவிட்டால் படிகங்கள் போய்விடும். திரியைச் சுற்றிக் குட்டையாக நிற்பது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். ஆக, எரியும் மெழுகுக்கு ஒரு மேனி போதாது, இரண்டு வேண்டும். இரண்டுக்கும் நடுவே பாதி உறைந்த ஓரம் ஒன்றும் வேண்டும். 'ரியலிஸ்டிக் வேக்ஸ்' என்ற பெயரில் நான் இறக்கிப் பார்த்த மெட்டீரியல்கள் பலவற்றில் அந்த இரண்டாவது மேனி கிடையாது. செய்தவர் எரியாத மெழுகுவர்த்தியின் படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார், அல்லது வேறொருவர் செய்த ரெண்டரைப் பார்த்துச் செய்திருக்கிறார்.

இன்னொன்று அளவு. உட்சிதறலில் தூரம் என்றால் நிஜத் தூரம், மில்லிமீட்டர் கணக்கு. 2 சென்டிமீட்டர் தடிப்புள்ள மெழுகுவர்த்தியை அவசரத்தில் 2 மீட்டர் தூணாகச் செய்துவிட்டு, சிதறல் தூரத்தை மட்டும் சரியாகக் கொடுத்தால் சுண்ணாம்பு அடித்த தூண்தான் வரும். தூரத்தைக் கண்டபடி கூட்டினால் அகார்-அகார் வரும். மெழுகு இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அந்த இடம் எது என்று சொல்ல எந்த மென்பொருளாலும் முடியாது. கையில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துப் பார்த்தவரால்தான் முடியும்.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். பிளெண்டர் என்ற இலவச மென்பொருள்தான் எங்களில் பலருக்கு முதல் பள்ளிக்கூடம். அதில் புதிய மெட்டீரியல் ஒன்றைத் திறந்து உட்சிதறல் பகுதிக்குப் போனால் மூன்று எண்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்: 1.0, 0.2, 0.1. சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு வெளிச்சமும் உள்ளே எவ்வளவு தூரம் போகும் என்ற விகிதம் அது. சிவப்பு நீலத்தைவிடப் பத்து மடங்கு தூரம் போகிறது. எந்தப் பொருளில் சிவப்பு அப்படி ஓடும்? தோலில். பச்சையையும் நீலத்தையும் ரத்தம் விழுங்கிவிடும், சிவப்பு தப்பித்துப் போகும். தோல் மாதிரியான பொருட்களுக்காகவே மூன்று நிறத்துக்கும் தனித்தனி தூரம் வைத்திருப்பதாக அந்த மென்பொருளின் கையேடே சொல்கிறது.

வெள்ளைப் பாரஃபின் மெழுகில் ரத்தம் கிடையாது. மூன்று நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் அலையும். எண்ணை மாற்றாமல் விட்டால் உங்கள் மெழுகுவர்த்தியின் நிழலோரம் இளஞ்சிவப்பாகக் கசியும், டார்ச்சுக்கு முன் பிடித்த விரல் மாதிரி. நான் முதன்முதலில் செய்த மெழுகுவர்த்தி அப்படித்தான் இருந்தது. "நல்லா வார்ம்மா இருக்கு" என்று பாராட்டு கிடைத்தது. மெழுகுக்குத் தோல் போர்த்திவிட்டிருக்கிறேன் என்பது எனக்கும் தெரியவில்லை, பாராட்டியவருக்கும் தெரியவில்லை.

இது சின்னத் தவறு. ஒரு மெழுகுவர்த்தி இளஞ்சிவப்பானதால் யாருக்கும் நட்டமில்லை. பெரிய தவறு இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது.

ஒரு தீபாவளி வாழ்த்துக் காணொளி. மொத்தம் 20 விநாடி. ஒரு பாட்டி வரிசையாக விளக்கேற்றுகிறார், கடைசி விளக்கைக் கையில் எடுத்து நம்மைப் பார்க்கிறார். தீபாவளிக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் மெழுகு ஊற்றிய அகல் விளக்கு பாக்கெட்டில் விற்பார்களே, அந்த விளக்கு. விளக்கும் பாட்டியும் என் பொறுப்பு.

விளக்குக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். ஒரு பாக்கெட் வாங்கி வந்து, சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எரித்துப் பார்த்தேன். உருகிய குட்டைக்கு அடியில் மண்ணின் சிவப்பு தெரிந்தது. உறைந்த ஓரத்தில், மெழுகு மெலிந்த இடத்தில் மட்டும், அதே மண் நிறம் பால் கலந்தாற்போல் தெரிந்தது. மென்பொருள் தானாகக் கொடுத்த சிதறல் தூரம் 5 சென்டிமீட்டர். அந்த விளக்கின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதை மில்லிமீட்டருக்கு இறக்கினேன், மூன்று நிறத்தையும் அருகருகே கொண்டு வந்தேன், குட்டைக்குத் தனி மேனி செய்தேன். விளக்கு நன்றாக வந்தது. இன்றும் அதைப் பார்த்தால் எனக்குக் கூச்சமில்லை.

பாட்டிக்கு அரை நாள்தான் மிச்சமிருந்தது. அவருக்கு முன்மாதிரி எங்கள் ஆயா. ஆயா இந்துதான் என்றாலும் ஒரு வேண்டுதலுக்காக ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார். அங்கே என் தங்கை எடுத்த படம் ஒன்று என் திரையின் ஓரத்தில் இருந்தது. அந்தப் படத்திலிருந்து மூக்குத்தி, சேலைக்கரை, நெற்றிவரி எல்லாவற்றையும் எடுத்தோம். முதல் ரெண்டரில் அவர் கறுப்பாக இருந்தார். கன்ன எலும்பின் மேல் சுடர் சின்னதாக ஜொலித்தது. கண்ணுக்குக் கீழே நல்ல இருட்டு.

"என்ன தம்பி, பாட்டி இருட்டா இருக்காங்க?" என்றார் எங்களுக்கு மேலே இருந்த அண்ணன். அவரும் தமிழர், அவரும் என் நிறம்தான்.

"கறுப்பா இருக்கவங்க ராத்திரில அப்படித்தானே அண்ணே இருப்பாங்க."

"கறுப்பு வேணாம்னு யாருப்பா சொன்னா? கொஞ்சம் குளோ வேணும். உள்ளேர்ந்து வரணும்."

உள்ளேர்ந்து வரணும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். உட்சிதறலைக் கூட்டினேன். போதவில்லை. தோலின் அடிநிறத்தை வெளுப்பாக்கினேன். "எண்ணெ வடியிற மாதிரி இருக்கு" என்றதும் பளபளப்பைக் குறைத்தேன். மெலனின் ஸ்லைடரைப் பின்னால் இழுத்தேன். ஏழாவது ரெண்டர் ஓகே ஆனது. கிளையண்ட் அதுவரை ஒரு படத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை. அவர் கேட்பார் என்று நாங்களே பயந்து, அவர் கேட்கும் முன்பே செய்து வைத்தோம்.

கடைசிப் படத்தில் பாட்டியின் கன்னமும் விளக்கின் மெழுகும் ஒரே பொருளால் ஆனவை போலிருந்தன. சொல்லப்போனால் கன்னம் மெழுகைவிட அதிகமாகக் கசிந்தது. நான்கு நாள் உழைத்த மெழுகு பக்கத்தில் இருந்தும் எடுபடவில்லை. பணம் வந்தது. நானும் என் பங்கை வாங்கினேன்.

தீபாவளியன்று ஆயாவிடம் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "யாரு வீட்டுப் பாட்டி இது? நல்ல செவப்பா இருக்காங்க" என்றார். அவர் மூக்குத்திதான் அது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று இரவு அந்த ஆலயப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ரெஃபரன்ஸ் என்று பல நாள் திரையில் ஒட்டி வைத்திருந்தும் நான் பார்க்காத படம் அது. ஒரே சுடர். பக்கத்தில் மெழுகு, பக்கத்தில் ஆயா. மெழுகு சுடரை உள்ளே வாங்கி மெதுவாகக் கசியவிடுகிறது. ஆயாவின் முகம் அப்படிச் செய்யவில்லை. கன்ன எலும்பிலும் மூக்கின் விளிம்பிலும் நெற்றிவரிகளின் மேட்டிலும் சுடரைத் துண்டு துண்டாகத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் அணையாமல் இருக்கச் சுடரைப் பொத்திய கையில் மட்டும், விரலிடுக்குகளில், சிவப்பு கொஞ்சம் கசிகிறது. முகம் மினுங்குகிறது, ஆனால் வெளியிலிருந்து.

இதில் கவிதை ஒன்றும் இல்லை, வெறும் கணக்கு. தோலின் மேற்பரப்பிலும் ஏறக்குறைய அதே 3 விழுக்காடு வெளிச்சம்தான் தெறிக்கிறது, எந்த நிறத் தோலானாலும் சரி. வெளிர் தோலில் உள்ளே போன வெளிச்சத்தின் கணிசமான பங்கு அலைந்துவிட்டுத் திரும்பி வருகிறது. அதற்கு முன்னால் இந்த 3 ஒரு பொருட்டில்லை. கறுத்த தோலில் மேலடுக்கில் இருக்கும் மெலனின் வெளிச்சத்தைப் போகும்போதும் வரும்போதும் விழுங்குகிறது. திரும்பி வருவது குறைவு. அதனால் அந்த 3 துலக்கமாகத் தெரிகிறது. கறுத்த முகத்தின் வடிவத்தை நமக்குக் காட்டுவதில் பெரும்பங்கு பளபளப்புக்கு. அதைத் துடைத்து எடுத்துவிட்டு உட்சிதறலைக் கூட்டுவது, அந்த முகத்திலிருந்து அதன் முக்கியமான வெளிச்சத்தைப் பிடுங்கிவிட்டு, அதில் குறைவாக இருப்பதைத் திணிப்பது. வெறும் இயற்பியலாகப் பார்த்தாலும் தப்பு.

இந்தத் திணிப்பு வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். 2001இல் ஹென்றிக் வான் ஜென்சன், ஸ்டீவ் மார்ஷ்னர், மார்க் லெவாய், பாட் ஹான்ராஹன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுதான் உட்சிதறலைச் சினிமாவுக்குக் கட்டுப்படியாகும் கணக்காக மாற்றியது. 2002இல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் படத்தின் கொல்லம் பாத்திரத்தை எல்லாரும் நம்பியதில் இந்த உத்திக்குப் பங்குண்டு. ஜென்சன், மார்ஷ்னர், ஹான்ராஹன் மூவருக்கும் 2004இல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அந்த ஆய்வில் பால், பளிங்கு, ஆப்பிள், உருளைக்கிழங்கு, கெச்சப் என்று பல பொருட்களை அளந்து பட்டியல் போட்டிருந்தார்கள். தோலும் இருந்தது. கறுத்த தோல் இல்லை. அந்தப் பட்டியலின் எண்கள் கைமாறிக் கைமாறி எத்தனையோ மென்பொருட்களுக்குள் போய்ச் சேர்ந்தன.

அந்த ஆய்வாளர்களை நான் திட்டவில்லை. அந்தக் கணக்கு இல்லையென்றால் என் அகல் விளக்கே இல்லை. மனிதத் தோல் என்றாலே ஒளி கசியும் வெளிர் தோல் என்று இந்தத் துறை எடுத்துக்கொண்டதை, பிக்ஸாரில் வேலை செய்துவிட்டு யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான தியோடர் கிம் 2020இல் எழுதிய கட்டுரை பகிரங்கமாகக் கேள்வி கேட்டது. அவர் கேட்டது அமெரிக்க ஆய்வுலகத்தை. சரியான கேள்வி. ஆனால் அதை வாசித்துவிட்டு "பார்த்தியா, வெள்ளைக்காரன் செய்த வேலை" என்று நாம் நிம்மதியாகத் தூங்கப் போக முடியாது. அன்றைக்கு கோலாலம்பூரில் உட்கார்ந்து மெலனின் ஸ்லைடரைப் பின்னால் இழுத்தது ஒரு கறுத்த தமிழனின் கை. இழுக்கச் சொன்னது இன்னொரு கறுத்த தமிழனின் வாய்.

இதைச் சொன்னால் எங்கள் துறை நண்பர்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, "கறுப்புத் தோல் ரெண்டரில் எடுபடாது." எடுபடும். பித்தளைக் குடத்தை எப்படி எடுபட வைக்கிறோம்? அதன்மேல் நேராக வெளிச்சம் அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை. குடத்தில் எது பிரதிபலிக்க வேண்டும் என்று யோசித்து வெளிச்சத்தை வைக்கிறோம். அகலமான, மென்மையான வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்தால் கறுத்த கன்னம் அதை அழகாக வாங்கும். மேற்பரப்பு எங்கே வழவழப்பு, எங்கே சொரசொரப்பு என்று பொறுமையாக வரைய வேண்டும். மூக்கு நுனி ஒரு மாதிரி, கன்னம் ஒரு மாதிரி, உலர்ந்த உதடு வேறு மாதிரி. தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பாட்டி என்றால் நெற்றி எப்படி இருக்கும்? 'எண்ணெய் வடிகிறது' என்று நாங்கள் துடைத்தெறிந்தது அந்தக் காலையைத்தான். எடுபடவில்லை என்றால் நமக்கு வேலை தெரியவில்லை என்று பொருள். பழியைத் தோல்மேல் போடக் கூடாது.

இரண்டு, "அது ஸ்டைல், அனிமேஷனில் எதற்கு ரியலிசம்?" நல்லது. அப்படியானால் 'ரியலிஸ்டிக்' என்று விளம்பரப்படுத்தாதீர்கள். விளக்கு நிஜ விளக்கு மாதிரி இருக்க வேண்டும் என்று நான்கு நாள் கொடுத்தவர்களுக்கு, முகத்துக்கு வந்ததும் ஸ்டைல் ஞாபகம் வருகிறது. அந்த ஸ்டைலும் ஏன் எப்போதும் ஒரே திசையில் போகிறது? வெளுத்த பாத்திரம் ஒன்றைப் பார்த்து "கொஞ்சம் கறுப்பாக்கு, அப்பத்தான் அழகு" என்று சொன்ன கூட்டம் ஒன்றிலும் நான் இருந்ததில்லை.

மூன்று, "குளோ என்றால் வெள்ளை என்று அர்த்தமில்லை." அப்படியா? 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020இல் பெயர் மாற்றிக்கொண்டதே, என்ன பெயருக்கு? 'குளோ அண்ட் லவ்லி.' சந்தைக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் நன்றாகத் தெரியும். நாம் மட்டும் தெரியாத மாதிரி இருக்கிறோம்.

இதெல்லாம் மென்பொருள் சமாச்சாரம், இலக்கியம் வாசிக்கிற நமக்கு என்ன என்று நினைக்கிறவர்கள் அண்மையில் வாசித்த பத்துத் தமிழ்ச் சிறுகதைகளை எடுத்துப் பாருங்கள். அதில் கறுத்த பெண் எப்படி வருகிறாள்? "கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா." அந்த 'இருந்தாலும்'தான் நம்முடைய 1.0, 0.2, 0.1. யாரும் யோசித்துத் தட்டியதில்லை. பேனாவைத் திறக்கும்போதே அங்கே உட்கார்ந்திருக்கிறது. எழுதுகிறவர் கறுத்த முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அந்தச் சொல் தேவைப்பட்டிருக்காது. மெழுகு பொம்மையும் தேவைப்பட்டிருக்காது.

மெழுகு அழகான பொருள்தான். ஒரு தடவை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். தெளிந்த குட்டையைப் பாருங்கள், அது ஓரத்தில் பாலாவதைப் பாருங்கள். பிறகு அதே சுடருக்குப் பக்கத்தில் உங்கள் அம்மாவையோ பாட்டியையோ உட்கார வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றில்லை என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் ஸ்லைடரைத் தள்ளினால் அதற்குத் தொழில்நுட்பம் பொறுப்பில்லை.

அந்தப் பாட்டியின் ஃபைல் என்னிடம் இருக்கிறது. வேலை முடிந்து வந்து இரவில் மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரப் போவதில்லை. உட்சிதறலைக் குறைத்தாயிற்று. நிறத்தை ஆயாவின் நிறத்துக்கே கொண்டு வந்தாயிற்று. மூக்கின் ஓரம் சரியாக வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்த நெற்றி மட்டும் இன்னும் வரவில்லை. வரிகளின் மேட்டில் எண்ணெய் எப்படி நிற்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. இந்தத் தீபாவளிக்கு ஆயாவுக்கு எண்ணெய் வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.